நீங்கள் புதைக்காமல் விட்டவர்

கதவுக்குப் பின்னால் தொங்கும் உங்கள் மழைக்கோட்டு இந்த மாரிக்கும் மணக்கத் தொடங்கிவிட்டது, அக்கா. வெயில் காலம் முழுவதும் ஒன்றும் அறியாத மாதிரி ஆணியில் கிடக்கும். வாடைக்காற்று எழும்பி முதல் மழை கூரையில் விழுந்ததும் மெழுகும் ஈர நாயும் சேர்ந்த ஒரு மணம் அதிலிருந்து வரும். உங்கள் வீட்டு நாயாக இருக்கும். வட்டக்கச்சியிலிருந்து மகள் வரும்போதெல்லாம், "அம்மா, உதை எடுத்து எறியுங்கோவன்" என்கிறாள். நான் கேளாத மாதிரி இருந்துவிடுவேன்.

கடைசியாக வந்துவிட்டுப் போகும்போது அதை நீங்கள்தான் விட்டுவிட்டுப் போனீர்கள். "அக்காவின்ர நாட்டில மழை கூடவெல்லோ, இது வேணாமோ?" என்று நான் உங்கள் தங்கை சிஸ்டரிடம் கேட்டேன். அங்கத்தைய மழைக்கு வேறு கோட்டு இருக்கிறது, இது இங்கத்தைய மழைக்கு என்று சொல்லச் சொன்னீர்கள். அடுத்த மாரிக்கு வருவீர்கள் என்று முன்னறைக் கட்டிலுக்குப் புதுப் பாய் வாங்கிப் போட்டேன். நீங்கள் வரவில்லை. அடுத்த மாரிக்கும் வரவில்லை. இந்த வருசம் சோளகக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் சிஸ்டர் அயர்லாந்திலிருந்து போன் எடுத்தார். "எங்கட அக்கா போட்டா, பிள்ளை. நித்திரையிலயே போட்டா" என்றார்.

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. வாழ்நாள் முழுக்க எழுதிப் பேர் எடுத்த ஒருவருக்கு எழுதுகிறேன் என்று நினைக்கக் கை கூசுகிறது. அதுவும் உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் செத்த பிறகு எல்லாப் பாசையும் விளங்கும் என்று சுவாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

முதல் முறை நீங்கள் வரப்போகிறீர்கள் என்று சிஸ்டர் வந்து சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறது. அவர் எங்கள் ஊர் மடத்தில் இளம் வயதிலிருந்தே இருந்தவர். எங்களை விட நன்றாக எங்கள் தமிழைக் கதைப்பார்.

"பிள்ளை, என்ர தமக்கை வாறா. மடத்தில கட்டில் இல்லை. உம்மட முன்னறையில ரெண்டு கிழமை வைச்சிருப்பீரோ?"

"வெள்ளைக்காரர் சாப்பிடுற சாப்பாடு எனக்குச் சமைக்கத் தெரியாது, சிஸ்டர்."

"அப்ப நான் இவ்வளவு காலமும் என்னத்தைச் சாப்பிட்டனான்? உம்மட நண்டுக்கறியைத்தானே."

"அவவுக்கு அங்க என்ன வேலை?"

"கதை எழுதிறவ."

"அது ஒரு வேலையோ?"

சிஸ்டர் சிரித்தார். "எங்கட அப்பாவும் அதைத்தான் கேட்டவர்."

சிஸ்டர் உங்களை அக்கா என்றார், நானும் அக்கா என்றேன். நீங்கள் 'தங்கச்சி' என்ற சொல்லைப் பழகிக்கொண்டீர்கள். உங்கள் வாயில் அது 'டங்காச்சி' என்று வரும். இரண்டு கிழமைக்கு வந்தவர் விசா முடியுமட்டும் இருந்தீர்கள். அதன் பிறகு மாரிக்கு மாரி வந்தீர்கள். எல்லாரும் வெயில் தேடி வருவார்கள், இந்த மனுசி மழை தேடி வருகிறதே என்று ஊரில் சிரித்தார்கள்.

காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு விறாந்தையில் தாள்களோடு இருப்பீர்கள். பென்சிலால் எழுதுவீர்கள். பிறகு எழும்பி நின்று, எழுதியதைச் சத்தமாக, மெதுவாக, குரல் ஏறி இறங்க வாசிப்பீர்கள். நான் குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருப்பேன். கன்னியாஸ்திரியின் தமக்கை, கையில் தாள், அப்படியொரு குரல். நான் வேறு என்ன நினைப்பேன்? உங்கள் நாட்டு மன்றாட்டு என்று நினைத்தேன். நீங்கள் நிறுத்தியதும் மீன் கையாலேயே சிலுவை போட்டு, "ஆமென்" என்றேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, பெரிய மரியாதையாகத் தலையைக் குனிந்தீர்கள். அந்தக் கிழமை முழுவதும் காலையில் இதுதான் நடந்தது. சனிக்கிழமை சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பிள்ளை, என்னத்துக்கு ஆமென் சொல்லுறீர்?"

"அக்கா செபிக்கிறா. நான் சும்மா இருக்கிறதோ?"

"ஐயோ, அது செபமில்லை! அதில ஒருத்தி புருசனுக்குச் சொல்லாமல் வேற ஒருத்தனோட பஸ் ஏறிப் போறாள்!"

நான் அதற்கும் ஆமென் சொல்லியிருக்கிறேன். சிஸ்டர் உங்களுக்கு விளங்கப்படுத்தியதும் நீங்கள் கதிரையில் விழுந்து சிரித்தீர்கள். கண்ணீர் வரும்வரை சிரித்தீர்கள். பிறகு சிஸ்டர் மூலம் சொன்னீர்கள்: "ஆக்கள் கை தட்டியிருக்கினம், பரிசு தந்திருக்கினம். ஆமென் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நிப்பாட்ட வேண்டாம்." நானும் நிப்பாட்டவில்லை. ஆனால் பஸ் ஏறினவளுக்கு மாத்திரம் இனிச் சொல்லமாட்டேன் என்றேன். அடுத்த நாள் அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதாகச் சொன்னீர்கள். பொய் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகைக்காரப் பிள்ளை கமராவோடு வந்த அன்றுதான் தெரிந்தது. நீங்கள் என்னோடு குசினியில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. "அன்ரி, இவ ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். "ஏன் தெரியாது? சிஸ்டரின்ர தமக்கை. வெங்காயம் உரிப்பா, தேங்காய் துருவத் தெரியாது" என்றேன். அவள்தான் சொன்னாள், உங்கள் புத்தகங்கள் எத்தனையோ பாசைகளில் இருக்கிறதாம், உங்கள் நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படித்துச் சோதனை எழுதுகிறார்களாம். அவள் போன பிறகு நான் உங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். நீங்கள் அதைக் காலால் தள்ளிவிட்டுப் பழையபடி கீழே இருந்தீர்கள்.

உங்கள் வாழ்க்கையை நான் அறிந்தது அந்தக் குசினியில்தான். நீங்கள் சொல்லச் சொல்ல, சிஸ்டர் ஒரு கையில் தேத்தண்ணீரோடு தமிழில் சொல்வார். உங்கள் அப்பாவும் மீன்பிடிகாரர். உங்கள் ஊரிலும் கடலுக்குப் போகிற ஆட்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாதாம். விறகு இல்லாத ஊர், சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து அதை எரிப்பீர்களாம். "மண்ணை எரிக்கிறதோ? சிஸ்டர், அக்கா எனக்குக் கதை விடுறா" என்றேன். சத்தியம் செய்தீர்கள்.

பள்ளிக்கூடம் முடித்துப் பட்டணத்துக்குப் போய் ரெலிபோன் இணைக்கிற இடத்தில் வேலை செய்தீர்கள். மற்றவர்களின் பேச்சைக் காதில் வாங்கி வாங்கித்தான் எழுதப் பழகினீர்களாம். வாய்க்கு வராதது தாளுக்கும் வராது என்று அடிக்கடி சொல்வீர்கள். அதுதான் அந்தச் சத்தமான வாசிப்பு. முதல் புத்தகம் வந்தது. நாடு முழுக்கப் பேர். ஆனால் அந்தப் புத்தகத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். கடலில் மகனைக் கொடுத்தவள். அவள் அழுதது, அவள் குடித்தது, எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். பேரை மாத்திரம் மாற்றியிருந்தீர்கள். அவள் சாகும்வரை உங்களோடு கதைக்கவில்லை. கோயிலில் நீங்கள் இருந்த பக்கம் முகத்தையே திருப்பவில்லை. உங்கள் அம்மா புத்தகத்தை முழுக்க வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாராம்: "நல்லா எழுதியிருக்கிறாய். இனி நான் எந்த ரோட்டால கடைக்குப் போறது?"

அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்தீர்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு புத்தகத்துக்கு மேல் புத்தகம். அமெரிக்காவில் போய்ப் படிப்பித்தீர்கள். பரிசு வாங்கப் போகும்போதெல்லாம் ஒரே சட்டையைத்தான் போட்டீர்களாம். பிறகு உங்கள் வீட்டுக்காரர் நோயில் போனார். அதோடு எழுத்தும் நின்றுவிட்டது. வருசக்கணக்காக ஒரு வரியும் வரவில்லை. எழுத்து வராத மனுசியாகத்தான் சிஸ்டரைப் பார்க்க வந்தீர்கள். எங்கள் விறாந்தையில் அது திரும்பவும் வந்தது. அதற்கு நான் காரணமில்லை. மழைச் சத்தம் காரணம் என்று நீங்களே சொன்னீர்கள்.

என்னுடைய மனுசனைப் பற்றி நானாகத்தான் சொன்னேன். உங்களுக்குத் தமிழில் தெரிந்த இரண்டாவது சொல் 'பிறகு?' என்பது. நான் ஏதாவது சொல்லி நிறுத்தினால், "பிறகு?" என்பீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். சண்டைக் காலம். கடலுக்குப் போகவிட்ட நாளும் உண்டு, விடாத நாளும் உண்டு. விட்ட ஒரு நாள் விடிய வெளிக்கிட்டார். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஒரு பலகை கூடக் கரையொதுங்கவில்லை. தேடிப் போக ஒருவரும் இல்லாத காலம். பிறகு நாங்களும் ஓடினோம், முகாமில் இருந்தோம், திரும்பி வந்து வீட்டுத்திட்டத்தில் இந்த வீட்டைக் கட்டினோம். நான் தாலியைக் கழற்றவில்லை. அவருக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதோ, வாசலில் காத்திருப்பதோ இல்லை. ஆனால் செத்துவிட்டார் என்று என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

அதைக் கதையாக எழுதலாமா என்று முறையாகக் கேட்டீர்கள். "எழுதட்டும், இங்க ஆர் வாசிக்கப் போகினம்" என்றேன். அந்த மாரி முழுவதும் எழுதினீர்கள். முடிந்ததும், சிஸ்டரைக் கூப்பிட்டு, எனக்குத் தமிழில் சொல்லச் சொன்னீர்கள். பாதிவரை நன்றாக இருந்தது. என் வீடு, என் கடல், என்னுடைய வாய். பிறகு ஒரு மழை நாளில் கடல் அவரைக் கரைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் கூடி அவரைக் கழுவினார்கள். சவக்காலையில் புதைத்தார்கள். அந்தப் பெண் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, வருசங்களுக்குப் பிறகு முதல்முறையாக நித்திரை கொண்டாள்.

"நிப்பாட்டுங்கோ, சிஸ்டர்."

சிஸ்டர் நிறுத்தினார். நான் வெட்டிக்கொண்டிருந்த மீனை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

"இவ்வளவு காலமா நானே சாக்காட்டாத மனுசனை, உவ ஒரு காலமையில பென்சிலால சாக்காட்டிப்போட்டாவோ? ஆரைக் கேட்டவ?"

சிஸ்டர் தயங்கித் தயங்கி உங்களுக்குச் சொன்னார். நீங்கள் மெதுவாக ஏதோ சொன்னீர்கள்.

"உமக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும் எண்டுதான் எழுதினவவாம். கதையிலயாவது அந்தப் பெண் நித்திரை கொள்ளட்டும் எண்டு."

"எனக்கு நல்லா நித்திரை வருது. அவவுக்குத்தான் வரேல்லைப் போல. அவ தன்ர புருசனைப் புதைச்சவ. என்ர புருசனையும் சேர்த்துப் புதைக்கிறதே?"

இதைச் சிஸ்டர் அப்படியே சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருக்கிறார். உங்கள் முகம் அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் கோபப்படவில்லை, அக்கா. என்னைப் போல ஒரு மீன்காரி குசினியில் நின்று உங்கள் எழுத்தை வேண்டாம் என்கிறாள். நீங்கள் அந்தத் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசற்படியில் போய் இருந்தீர்கள். நெடுநேரத்துக்குப் பிறகு சிஸ்டரிடம் ஒன்று சொன்னீர்கள். "ஊரில ஒருத்திக்குச் செய்ததை இங்கயும் செய்யப் பாத்தனாம் எண்டு சொல்லுறா" என்றார் சிஸ்டர். பிறகு நீங்கள் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"அப்ப அவர் வந்தா நீர் என்ன செய்வீர், அழுவீரோ எண்டு கேக்கிறா."

"அழுறதோ? முதல்ல நல்லா ஏசுவன்."

"என்னெண்டு ஏசுவீர்?"

நான் திறந்திருந்த கதவைப் பார்த்தேன். அதில் அவர் நிற்கிற மாதிரி வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

"இவ்வளவு பிந்தியோ வாறது? மகளைக் கையில பிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு போக நீங்கள் இல்லை, உங்கட தமையன்தான் கூட்டிக்கொண்டு போனவர். அந்தாளுக்கு நடக்கவும் தெரியேல்லை, அவளின்ர சீலையை மிதிச்சுப்போட்டார்."

"பிறகு?" என்றீர்கள்.

"பழைய வீடு போச்சு. இந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட நான்தான் மண் சுமந்தனான். உங்களுக்குத் தெரிஞ்ச மேசன்மார் எல்லாம் என்னை ஏமாத்தினவங்கள். உங்கட வலையைக் காவிக்கொண்டு எத்தினை ஊர் ஓடினனான் தெரியுமோ? ஆரும் வலையைக் காவுவினமோ? நான் காவினனான்."

"பிறகு?"

"பிறகென்ன பிறகு. அதில நிண்டு முழுசாதேங்கோ. கால் மண்ணைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ."

சொல்லி முடித்தபோது சிஸ்டர் மற்றப் பக்கம் திரும்பி நின்றார். நீங்கள் பென்சிலை எடுத்து, அவரைக் கரைக்குக் கொண்டுவந்த தாள்கள் எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு போட்டீர்கள். அவரைக் கடலிலேயே விடுகிறேன் என்றீர்கள்.

அது உங்கள் கடைசி மாரி. அடுத்த வருசம் சிஸ்டரையும் வயது போய்விட்டது என்று உங்கள் நாட்டுக்குத் திருப்பி எடுத்துவிட்டார்கள். பிறகு ஒருநாள் தபாலில் புத்தகம் வந்தது. மட்டையில் கடல். உள்ளே எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஊரில் இங்கிலீசு படிப்பிக்கிற பிள்ளை இருக்கிறாள், கொண்டுபோய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். புத்தகத்துக்கு ஒரு முடிவு வேண்டும் என்று அச்சடிக்கிறவர்கள் கேட்பார்கள் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருந்தீர்கள். பெரிய இடத்து ஆட்கள், காசு போடுகிறவர்கள். நீங்கள் வயதானவர், களைத்தவர். அவர்கள் கேட்டுக் கேட்டு நீங்கள் அவரைப் புதைத்திருந்தால்? அப்படி நடந்திருந்தால் எனக்குத் தெரியவே வேண்டாம் என்று இருந்தேன். சிஸ்டர் மூலம் போனில் கதைக்கும்போதும் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகுதான் கேட்கத் துணிந்தேன். உங்களை அடக்கம் செய்த அடுத்த கிழமை சிஸ்டர் போன் எடுத்தார்.

"சிஸ்டர், அந்தப் புத்தகம் உங்களிட்டை இருக்கோ? கடைசிப் பக்கத்தில என்ன கிடக்கு?"

"நீர் இன்னும் வாசிப்பிக்கேல்லையோ?"

"இல்லை. அவர் அதில இருக்கிறாரோ, செத்திட்டாரோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

போனில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. சிஸ்டர் வாசித்தார். உங்கள் இங்கிலீசிலிருந்து திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து, மெதுவாக, இடையில் சொல் தேடித் தேடி வாசித்தார். மகளின் கலியாணம் இருந்தது. சீலையை மிதித்த தமையன் இருந்தார். மேசன்மார் இருந்தார்கள், வலை இருந்தது. ஒரு பெண் திறந்த கதவைப் பார்த்து ஏசிக்கொண்டேயிருக்கிறாள். கதவில் ஆள் நிற்கிறாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லையாம். கடைசி வரி, கால் மண்ணைக் கழுவிவிட்டு உள்ளே வரச்சொல்வது. அதற்குக் கீழே வெறும் தாள்.

"அச்சடிக்கிறவை விடேல்லை, பிள்ளை" என்றார் சிஸ்டர். "உடம்பு கரைக்கு வரோணும், இல்லாட்டி வாசிக்கிறவைக்கு நிறைவு வராது எண்டு நிண்டவை. அப்பிடியெண்டா புத்தகத்தைத் திருப்பித் தாங்கோ எண்டு அக்கா சொல்லிப்போட்டா. இப்ப இங்க எல்லாரும் அவ எழுதினதில அந்தக் கடைசிப் பக்கம்தான் திறம் எண்டு சொல்லுகினம்."

எனக்குத் திறம் திறமில்லை தெரியாது, அக்கா. நீங்கள் ஒரு சொல்லுக்கு நின்றீர்கள். கண்டுகொள்ள ஒருவரும் இல்லாத இடத்தில், நான் கேட்கவும் போகாத இடத்தில் நின்றீர்கள். உங்கள் பெரிய பேர் எல்லாவற்றையும் எடுத்து என் மனுசனுக்கு முன்னால் வைத்து, இவரைத் தொடாதேங்கோ என்றீர்கள். எனக்காக அப்படி நின்ற ஆட்கள் வேறு யாரும் இல்லை.

இப்போது கார்த்திகை. எங்கள் ஊரில் கார்த்திகையில் சவக்காலையில் பூசை வைப்பார்கள். வீட்டு வீடாகக் கோயில் மூப்பர் வந்து, செத்தவர்களின் பேர்களை எழுதிக்கொண்டு போவார். பூசையில் சுவாமியார் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். எங்கள் வீட்டு வாசலில் மூப்பர் வருசா வருசம் ஒரே கேள்வியைக் கேட்பார், நான் இல்லையென்று தலையாட்டி அனுப்பிவிடுவேன். போன கிழமையும் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, இந்த முறையாவது பேர் தாறியோ?"

"ஓம். ஒண்டு இருக்கு."

மூப்பரின் முகம் மாறிவிட்டது. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றார். "சொல்லு பிள்ளை" என்றார்.

உங்கள் பேரைச் சொன்னேன். அவருக்கு எழுத வரவில்லை. மூன்றாம் தரம் சொன்ன பிறகு, "இதென்ன வெள்ளைக்காரப் பேர்? ஆர் இது?" என்றார்.

"என்ர தமக்கை."

"உனக்கு எப்ப வெள்ளைக்காரத் தமக்கை?"

"இருந்தவ. எழுதுங்கோ."

எழுதினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "அப்ப மற்ற ஆளின்ர பேர்?"

"அவர் இன்னும் வரேல்லை, மூப்பர்."

பூசையன்று நல்ல மழை. உங்கள் பேரைச் சுவாமியார் உடைத்து உடைத்து வாசித்தார், ஆனால் வாசித்தார். உங்களுக்கு இங்கே குழி இல்லை. வேறு ஊரில் புதைத்தவர்களுக்குப் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுதிரி கொளுத்துவது எங்கள் வழக்கம். தேங்காய்ச் சிரட்டையால் மறைப்புக் கட்டி உங்களுக்கும் ஒன்று கொளுத்தினேன். அந்தச் சிலுவையடியில் என் கையால் நான் கொளுத்திய முதல் திரி அது. நீங்கள் செத்ததை என்னால் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அது எனக்குத் தெரியும். அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே ஒரு புத்தகத்தில் எழுதி முடிக்கலாம் என்று காட்டினீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது இருக்கிறேன்.

சவக்காலையிலிருந்து தனியே நடந்து வரும்போது வாய்க்குள் பழையபடி அவரை ஏசிக்கொண்டு வந்தேன். வருசத்துக்கு வருசம் அது நீண்டுகொண்டுதான் போகிறது. இந்த முறை புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

"என்ர தமக்கை ஒருத்தி மாரிக்கு மாரி வந்து இங்க இருந்தவ. உங்களைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தவ. நண்டும் விருப்பம், கதையும் விருப்பம், உங்களுக்குப் பிடிச்சிருக்கும். கொஞ்சம் முந்தி வந்திருந்தா கண்டிருப்பியள். இனி எங்க காணுறது?"